வலது பக்கம் வைத்த பாக்கெட்

அடியே,

இன்று காலையில் கயலுக்கு ஆம்லெட் போடலாம் என்று நாட்டுக்கோழி முட்டை ஒன்றை உடைத்தேன். மஞ்சள் கருவின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு. மற்ற வீட்டில் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டியில் கொட்டியிருப்பார்கள். நானோ அடுப்பை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து, அது துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடைகாக்காத முட்டையில் எதுவும் துடிக்காது, அது வெறும் ரத்தப் பொட்டு என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். தெரியும். தெரிந்தும் பார்க்கிறேன். சமையலறையில் என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போனவள் நீ.

"இன்னாமா, முட்டைய வெச்சிக்கிட்டு தியானம் பண்ற?" என்றாள் கயல். ஒரு வாரமாக அழுது வீங்கிய முகத்திலிருந்து சிரிப்புக்குப் பக்கத்தில் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

அழுகைக்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்குக் கல்யாணம் ஆனது நீ போன பிறகுதான். இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டர், "குழந்தையோட இதயம் வலது பக்கம் இருக்கற மாதிரி தெரியுது, விவரமா இன்னொரு ஸ்கேன் பாத்துடுங்க, பயப்படாதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை கயலை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அவள் போனில் கண்டதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். விவரமான ஸ்கேன் இன்றைக்கு, பதினோரு மணிக்கு. அதுவரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ எங்கள் கணிதத் துறைக்குள் முதன்முதலாக நுழைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? படம் வரைகிறவள் நீ, கையிலோ ஒரு பெரிய ஹாட் பாக்ஸ். எங்கள் துறைத் தலைவர் ஆம்பூரிலிருந்து யாரோ பிரியாணி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நம்பி, தட்டு எடுத்து வரச் சொல்லிவிட்டார். நீ மூடியைத் திறந்தாய். வெதுவெதுப்பான துணியில் பொதிந்த முட்டைகள், ஒவ்வொன்றின் ஓட்டிலும் சின்னதாக ஒரு ஜன்னல். திமிரிப் பக்கம் ஒரு பண்ணையில், "சேவலோட சேர்ந்த கோழி முட்டைதானே?" என்று வெட்கமில்லாமல் கேட்டு வாங்கி, நீயே சூட்டில் வைத்து எடுத்து வந்தவை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னாய். உள்ளே ஒரு சிவப்பு நூல் துடித்துக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

"இது மொதல்ல நேரா ஒரு குழாய். அப்புறம் ஒரு பக்கமா வளையுது. எப்பவும் அதே பக்கம். வளையறதுக்குக் கணக்கு போடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றாய்.

எல்லோரும் விடைத்தாள் திருத்தும் வேலையில் திடீரென்று மும்முரமாகிவிட்டார்கள். நான்தான் வாயைக் கொடுத்தேன். "வளையறது ஏன்னு சொல்லலாங்க. எப்பவும் அந்தப் பக்கமே ஏன்னு சொல்றதுதான் கஷ்டம்."

"அப்ப நீதான் என் ஆளு" என்றாய். 'ங்க' போய் 'நீ' வர உனக்கு ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

அன்றைக்கு நீ போட்டிருந்தது ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு பருத்திச் சட்டை. பாக்கெட் வலது பக்கம் இருந்தது. எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட சட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பூர்க்காரர்கள் காலில் போடுவது முதல் எல்லாமே எக்ஸ்போர்ட்டில் கழித்தது என்று எங்கள் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கேலி உண்டு. அதை உன்னிடம் சொல்லவில்லை, நல்லவேளை.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சண்டை போட்டோம்! வாழ்க்கையில் ஒரு நாளும் உதவாது என்று பிள்ளைகள் திட்டிக்கொண்டே படிக்கிற பாடத்தை நான் நடத்துகிறவள். அது ஒரு குஞ்சின் நெஞ்சுக்குள் நடக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சமன்பாட்டை எழுதுவேன், கம்ப்யூட்டரில் ஓட விடுவேன், திரையில் குழாய் வளைந்ததும் துள்ளுவேன். நீ நம்ப மாட்டாய். "கையால வரைஞ்சாத்தான் நம்புவேன்" என்பாய். கான்வாஸ் எல்லாம் உனக்குக் கிடையாது. உங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மூட்டையில் கட்டி விற்கும் தோல் வெட்டுத் துண்டுகள்தான். மஞ்சள் கருவில் வண்ணப் பொடியைக் குழைத்து, அந்தத் துண்டில், திரையில் இருந்த குழாயை வளைவு வளைவாக வரைவாய். என் வீடு முழுக்கத் தோல் வாசனையும் முட்டை வாசனையும். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்.

வரையும்போது கை எங்கே தயங்குகிறதோ அங்கே கணக்கு தப்பு என்பது உன் கட்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கை தயங்கறதுக்கும் சமன்பாட்டுக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று கத்துவேன். மறுநாள் உட்கார்ந்து பார்த்தால் அந்த இடத்தில் ஏதோ ஒரு பிழை இருக்கும். எல்லா முறையும் இருக்காது, பாதி முறை. மீதிப் பாதியில் உன் பிரஷ்தான் மயிர் கொட்டிப் போயிருக்கும். அதை நீ கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை. வேலூர் சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு பட்டுப்புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சட்டையும் ஷூவும் மாட்டி, ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறுவாய். நான் வழியில் அணைக்கட்டில் ஏறிக்கொள்வேன். கயலுக்கு அப்போது நாலு வயசு. அவள் கால் வலிக்கிறது என்று பாதையில் உட்கார்ந்ததும், தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நீ முன்னால் போய்விடுவாய். கையை வீசிக்கொண்டு வருகிற நான் பின்னால் மூச்சிரைக்க, "கொஞ்சம் நில்லேன்டி" என்று கெஞ்சிக்கொண்டே வருவேன். கயல் உனக்கு வைத்த பெயர் மலை ஆன்ட்டி. அந்தப் பெயரைக் கேட்டால் போதும், உனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

அந்தப் பாதையில்தான் நீ அதைச் சொன்னாய். அன்றைக்குக் கயல் வரவில்லை, நாம் இரண்டு பேர் மட்டும்.

கணக்கு ஒரு வழிக்கு வந்திருந்த சமயம். இரண்டு முனையும் கட்டப்பட்ட குழாய், நீளம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது, இடமோ இல்லை, ஆகவே வளைந்துதான் தீர வேண்டும். எந்தப் பக்கம் என்பதை ஒரு சின்ன உந்தல் தீர்மானிக்கிறது. இதை எழுதி ஓட விட்டால் குழாய் மிக அழகாக வளைந்தது, ஆனால் மறுபக்கம். அப்படியே வளர்ந்தால் இதயம் வலப்பக்கம் போய் உட்காரும். எனக்கு அவமானமாகப் போயிற்று. உன்னிடம் காட்டாமல் ராப்பகலாகத் தேடி, உந்தலுக்கு முன்னால் பிளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். மலையில் பாதி ஏறியதும் பெருமையாகச் சொன்னேன்.

நீ நின்றுவிட்டாய். "பழச அழிச்சிட்டியா?"

"அழிக்காம? தப்புதானே அது."

"அது தப்பு இல்லடி" என்று சொல்லிப் பாறையில் உட்கார்ந்தாய். "அது நான்."

ஓவியம் வரைகிறவர்கள் இப்படி ஏதாவது புரியாமல் பேசுவார்கள் என்று எனக்கு எரிச்சல். "மலையேறிக் களைச்சுப் போய் இருக்கேன், தெளிவா சொல்லித் தொலை" என்றேன். நீ என் கையைப் பிடித்து உன் நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாய். ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு கையை நகர்த்தி, அந்தப் பாக்கெட்டின் மேல் வைத்தாய். அடேயப்பா! ஏறிவந்த வேகத்துக்கு அது திடுதிடுவென்று என் உள்ளங்கையை இடித்தது. நீ சிரிக்கிறாய்.

"எல்லாமே மாறி இருக்குடி. கல்லீரல், வயிறு, எல்லாம். கண்ணாடியில பாத்த மாதிரி. அதனாலதான் எனக்கு ஒண்ணும் ஆகல. இதயம் மட்டும் திரும்பி, மத்ததெல்லாம் பழைய எடத்துலயே இருந்தாத்தான் உள்ள இணைப்பு கோளாறாப் போக வாய்ப்பு ஜாஸ்தி."

அந்தக் கடைசி வரியை நான் அன்றைக்குச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். இந்த ஒரு வாரமாக அதுதான் என் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கயல் இதயத்தை நினைத்து அழுகிறாள். நான் குழந்தையின் வயிறு எந்தப் பக்கம் இருக்கிறதோ என்று நினைத்துப் பயப்படுகிறேன். உன்னோடு பழகிப் பாதி தெரிந்து வைத்திருப்பதன் கஷ்டம் இது.

பாக்கெட் கதையையும் அந்தப் பாறையில்தான் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். டாக்டர் உன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, முகம் மாறி, வேலூருக்குக் கூட்டிப் போகச் சொன்னாராம். அடுத்த நாளே வகுப்பில் உனக்கு இதயம் இல்லாதவள் என்று பெயர். அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாய். உன் அம்மா அப்போது ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. வேலூரில் பார்த்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்த அன்று, உன் யூனிஃபார்ம் சட்டையிலிருந்து பாக்கெட்டைப் பிரித்து வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "என் பொண்ணுக்கு நெஞ்சு அந்தப் பக்கம், பாக்கெட்டும் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டாராம். அதிலிருந்து உன் எல்லாச் சட்டைக்கும் அதே பக்கம்தான்.

"அம்மாவுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லடி. அளவு மாறி இருக்கு, மாத்தித் தைச்சாங்க. அவ்ளோதான்" என்றாய்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக அந்த மைனஸை மறுபடி போட்டு ஓட விட்டேன். உந்தல் இல்லாமலே ஓட விட்டால் என் சமன்பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒன்று உயர்த்தி ஒன்று தாழ்த்தி இல்லை என்று காட்டினேன். நீ திரையில் அந்த மறுபக்க வளைவை விரலால் வரைந்து பார்த்தாய். ஒரு பத்திரிகைக்கு நாம் அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒருவர், மறுபக்கம் வளைகிற இரண்டாவது படம் தேவையா, எடுத்துவிடலாமே என்று எழுதியபோது நீ கொதித்த கொதி! "அதுல நான் இருக்கேன், எடுக்க மாட்டேன்னு எழுதப் போறேன்" என்று குதித்தாய். உன்னைப் பிடித்து உட்கார வைத்து, பதிலை நான் வறட்டு மொழியில் எழுதி அனுப்பினேன். படம் தங்கிவிட்டது.

அதே இரண்டு வளைவையும் பழுப்புத் தோலில் வரைந்து எனக்குக் கொடுத்தாயே, அது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "இன்னா இது, புடவை பார்டர் மாங்காவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

உன் கடைசி நாட்களை நினைத்தால்கூட எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. உன்னைக் கொண்டுபோனது கணையத்தில் வந்த புற்றுநோய். இதயம் கடைசி வரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஈசிஜி எடுக்க வரும் ஒவ்வொரு நர்சிடமும், "அந்தப் பக்கம் இல்லமா, இந்தப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு தோல் துண்டில் சிவப்பு இதயமும் அம்புக்குறியும் வரைந்து கட்டிலில் தொங்கவிட்டாய். பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் நானும் கடைசியாகக் கை வைத்தேன்.

மணி பத்தாகப் போகிறது. ஆம்லெட் ஆறிவிட்டது. இவ்வளவு நாள் எழுதாத உனக்கு எழுதியதைக் கயலிடம் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்? போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் நெஞ்சு வலப்பக்கம் இருந்ததைச் சொல்லிவிட்டேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மலை ஆன்ட்டிக்கா? நம்ம மலை ஆன்ட்டிக்கா?"

"ஆமாம்."

"அவங்க என்னைத் தூக்கிட்டு ஏறுவாங்களேமா. உனக்குத்தான் மூச்சு வாங்கும். அவங்க மூச்சு வாங்கி நான் பாத்ததே இல்லையே."

"அதான் சொல்றேன்."

"இத ஏன் ஒரு வாரமா சொல்லல?" என்று கத்தினாள். கத்தட்டும். குழந்தையின் வயிறு எந்தப் பக்கம் இருக்குமோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குள்ளேயே இருக்கட்டும். அவள் ஆறிய ஆம்லெட்டை நின்றுகொண்டே தின்றுவிட்டுப் புடவை மாற்றப் போயிருக்கிறாள்.

மாலை ஆகிவிட்டது. மீதியைச் சொல்கிறேன், கேள்.

ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்ற பலகையின் கீழே வெகுநேரம் உட்கார வைத்தார்கள். அதெல்லாம் யாருக்கு வேண்டும்! உள்ளே கூப்பிட்டதும் நானும் கயலோடு நுழைந்தேன். டாக்டரம்மா கருவியை வைத்த உடனே, "வயிறு எந்தப் பக்கம் இருக்குங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க, கணக்கு டீச்சர்."

"அப்படியா. கொஞ்சம் வெளிய உக்காருங்க."

கதவுக்கு வெளியே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்தது இல்லை. பதற்றம் வந்தால் எல்லோருக்கும் கை இடது நெஞ்சுக்குத்தானே போகும். என் கை வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அந்த மலையில் ஆரம்பித்த பழக்கம், இன்னும் போகவில்லை. எதிரே இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிறகு கூப்பிட்டார்கள். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நீங்க கேட்டீங்களே, வயிறும் வலது பக்கம்தான் இருக்கு. கல்லீரல் இடது பக்கம். இதயத்துல நாலு அறையும் சரியா இருக்கு, ரத்தக் குழாய் இணைப்பும் நல்லா இருக்கு. எல்லாம் ஒட்டுமொத்தமா திரும்பியிருக்கு, அவ்ளோதான். பொறந்ததும் இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

"அப்ப மலை ஏறலாமா டாக்டர்?" என்றாள் கயல்.

"யாரு, நீங்களா? இப்ப வேணாம்."

"நான் இல்ல டாக்டர், குழந்தை."

அந்த டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே ஆட்டோ நிற்கிற இடத்தில் நின்று, நல்ல வெயிலில், ஊரே பார்க்க அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீ. போனில் உன் எண் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு, அழுத்தாமல், அடுத்ததாக இருந்த உன் அம்மாவின் எண்ணை அழுத்தினேன்.

அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கம்பெனி வேலையை விட்டாலும் வீட்டில் மிஷினை விடவில்லை. நான் கத்திக் கத்திச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வயிறும் திரும்பியிருக்கா? டாக்டர் நல்லாப் பாத்துட்டாங்களா?" என்றார்.

"பாத்துட்டாங்கம்மா. எல்லாம் நம்ம ஆளு மாதிரியேதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல் சாதாரணமாகிவிட்டது. "சரி, துணி இன்னா கலர்ல எடுக்கட்டும்?"

"எதுக்கும்மா துணி?"

"கயலு குழந்தைக்குச் சட்டை வேணாமா? பொறக்கறதுக்கு முன்னாடி தைக்கக் கூடாது, எனக்கும் தெரியும். துணிய எடுத்து வெட்டி வெக்கறதுல இன்னா தப்பு?"

"மஞ்சள்ல எடுங்கம்மா. முட்டை மஞ்சள்."

"வெட்டும்போதே பாக்கெட்டுக்கும் சேத்து வெட்டிடறேன்."

"கைக்குழந்தை சட்டைக்கு யாரும்மா பாக்கெட் வெப்பாங்க?"

"நான் வெப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லையடி.